தாடையில் அடிபட்டால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்: எப்போது உதவும், எவ்வளவு நம்பலாம்? மதுரைப் பக்கத்தினருக்கு ஒரு வழிகாட்டி

தாடையில் அடிபட்ட ஒருவரைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு மருத்துவமனை வாசலில் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் தங்கை 5 மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது உசிலம்பட்டிச் சாலையில் வண்டி சறுக்கி முகவாய் தரையில் மோத விழுந்தாள். கர்ப்பிணிக்கு எக்ஸ்ரே கூடவே கூடாது என்றார் ஒருவர். சிடி ஸ்கேன் இல்லாமல் எதுவும் சொல்ல முடியாது என்றார் இன்னொருவர். அல்ட்ராசவுண்டிலேயே பார்த்துவிடலாம் என்றார் மூன்றாமவர். மூவர் சொன்னதிலும் ஓரளவு உண்மை இருந்தது. எந்தப் படம் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று முதல் நாளே தெரிந்திருந்தால் அலைச்சலில் பாதி மிச்சமாகியிருக்கும்.

நான் மருத்துவன் அல்ல. தங்கைக்குச் சிகிச்சை தந்த முகத்தாடை அறுவைச் சிகிச்சை நிபுணரிடமும், ஸ்கேன் பார்த்த கதிரியக்க மருத்துவரிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை வரிசைப்படுத்தித் தருகிறேன். வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: அல்ட்ராசவுண்டில் முறிவு தெளிவாகத் தெரிந்தால் அதை நம்பி அடுத்த வேலையைப் பார்க்கலாம். தெரியவில்லை என்பதற்காக முறிவே இல்லை என்று வீடு திரும்பக் கூடாது.

1. ஸ்கேனுக்கு முன்னால் மூச்சு

கீழ்த்தாடை முன்பக்கம் இருபுறமும் உடைந்தால் நாக்குக்குப் பிடிமானம் போய், அது பின்னால் சரிந்து மூச்சுக்குழாயை அடைத்துவிடும். வாயில் ரத்தம் ஊறிக்கொண்டே இருக்கும்போது மல்லாக்கப் படுக்க வைப்பது ஆபத்து. நினைவோடு இருந்து, கழுத்திலும் முதுகிலும் வலி இல்லை என்றால், உட்கார வைத்துச் சற்றே முன்னால் குனியச் சொல்லுங்கள். ரத்தமும் எச்சிலும் தாமாக வெளியே வழியட்டும். கழுத்தில் அடி என்று சந்தேகம் இருந்தால் நீங்களாக அசைக்காமல் 108-ஐ அழையுங்கள்.

நினைவு தப்பியது, வாந்தி, காதிலோ மூக்கிலோ ரத்தம் அல்லது தண்ணீர் போன்ற கசிவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் தாடை இரண்டாம் பட்சம். தலையைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நம் ஊரில் வழக்கமாக நடக்கும் இரண்டு காரியங்களைத் தவிர்த்துவிடுங்கள். ஒன்று, துண்டை எடுத்துத் தாடையையும் உச்சந்தலையையும் சேர்த்து இறுக்கிக் கட்டுவது. வாந்தி வந்தால் வாயைத் திறக்க முடியாமல் போகும். மற்றொன்று மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடுவது. எங்கள் அப்பத்தா அன்போடுதான் குழைத்து வைத்திருந்தார். ஆனால் கீறல் உள்ள தோலில் அது புண்ணைக் கெடுக்கும், பிறகு ஸ்கேன் எடுக்கும்போது அந்த இடத்தைச் சுரண்டிக் கழுவ வேண்டிவரும். துணியில் சுற்றிய ஐஸ் போதும்.

நிலைத்த பல் முழுதாக விழுந்திருந்தால் வேர்ப்பகுதியைத் தொடாமல் எடுத்துப் பாலில் போட்டுக் கொண்டுபோங்கள். ஒரு மணி நேரத்துக்குள் பொருத்தினால் பிழைக்க வாய்ப்பு அதிகம்.

2. முறிவு என்று எப்போது சந்தேகிப்பது

வீக்கத்தை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். பற்கள் முன்போல் பொருந்துகின்றனவா என்று கேளுங்கள். ‘கடி மாறிவிட்டது’ என்று அடிபட்டவர் சொன்னால் அதுவே பெரிய அறிகுறி. கீழுதடும் முகவாயும் மரத்துப்போதல், நாக்குக்கு அடியில் ரத்தம் கட்டி நிற்பது, பல் வரிசையில் திடீர்ப் படி, வாயைத் திறக்கும்போது தாடை ஒரு பக்கமாக இழுபடுவது ஆகியவையும் அப்படியே. மருத்துவர் ஒரு மரக்குச்சியைக் கடிக்கச் சொல்லி அதை முறுக்கிப் பார்ப்பார். வலியால் கடிக்க முடியாமல் விட்டுவிட்டால் படம் எடுத்தே ஆக வேண்டும் என்று பொருள்.

முகவாயில் அடிபட்டவர்களுக்குக் காதுக்கு முன்னால் வலி இருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள். முகவாயில் விழுந்த விசை மேலேறி, காதருகே தாடை மூட்டுத்தலைக்குக் கீழே ஒடுங்கியிருக்கும் எலும்பை (மூட்டின் ‘கழுத்து’ என்பார்கள்) முறித்துவிடுவது மிகச் சாதாரணம். கீழ்த்தாடை தன் இரு மூட்டுகளோடும் மண்டையோட்டோடும் சேர்ந்து ஒரு வளையம். கண்ணாடி வளையலை அழுத்தினால் ஒரே இடத்தில் மட்டும் உடைவது அபூர்வம். தாடையும் அப்படித்தான். ஒரு முறிவு கண்டுபிடித்தவுடன் தேடுவதை நிறுத்தக் கூடாது.

3. எங்கே போவது, முதலில் எதைக் கேட்டு வாங்குவது

மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி அரசு மருத்துவமனைகளில் முதலுதவி கிடைக்கும். தாடை முறிவு என்றால் பெரும்பாலும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குத்தான் அனுப்புவார்கள். நகரில் இருக்கும் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் முகத்தாடை அறுவைச் சிகிச்சைத் துறை உண்டு. ஆனால் தலைக்காயமோ வேறு இடத்தில் எலும்பு முறிவோ கூட இருந்தால் எல்லாத் துறைகளும் ஒரே வளாகத்தில் இருக்கும் இடத்துக்கே போங்கள். நாட்டுக் கட்டுக்குப் போவதாக இருந்தால் தயவுசெய்து நில்லுங்கள். கையைக் கட்டுவதுபோல் தாடையை வெளியிலிருந்து கட்டி நேராக்க முடியாது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பழையபடி பொருந்தும் நிலையில் வைத்துத்தான் அதைக் கூட்ட வேண்டும்.

சாலை விபத்து, அடிதடி, ஜல்லிக்கட்டில் மாடு முட்டியது, எதுவானாலும் முதலில் பார்க்கும் மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் பதியச் சொல்லுங்கள். ‘ஏ.ஆர். நகல்’ என்பார்கள். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எப்படி என்பதைச் சரியாகச் சொல்லுங்கள். ‘வீட்டில் வழுக்கி விழுந்தார்’ என்று வசதிக்காக எழுதிவிட்டுப் பிறகு மாற்ற முயல்வது பெரும்பாடு.

4. எந்தப் படம் எதற்கு

ஓபிஜி என்பது இரு மூட்டு முதல் எல்லாப் பற்களும் ஒரே படத்தில் தெரியும் எக்ஸ்ரே. மலிவு. ஆனால் நோயாளி அசையாமல் நிற்கவோ உட்காரவோ வேண்டும். முகவாயின் நடுப்பகுதியில் முதுகெலும்பின் நிழல் விழுவதால் அங்குள்ள முறிவு தவறிப்போகலாம்.

சிடி ஸ்கேன்தான் இறுதித் தீர்ப்பு. எத்தனை துண்டு, எவ்வளவு விலகல், மூட்டு இருக்கும் நிலை எல்லாம் தெரியும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. விபத்து என்றவுடன் ‘தலை சிடி’ எடுப்பார்கள். அது மூளைக்கானது, கீழ்த்தாடை முழுவதும் அதில் வராது. எங்கள் பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்குத் தலை சிடி மட்டும் எடுத்துவிட்டு, முகத்துக்கு மறுபடியும் பணம் கட்டி எடுத்தார்கள். மருத்துவர் தலை சிடி எழுதும்போதே, ‘முகமும் கீழ்த்தாடை முழுவதும் சேர்த்து, முப்பரிமாணப் படத்துடன் எடுக்கலாமா ஐயா’ என்று கேட்டுவிடுங்கள்.

அல்ட்ராசவுண்ட் கதிர்வீச்சே இல்லாதது. ஒலி அலை எலும்பில் பட்டுப் பெரும்பகுதி திரும்பிவிடுவதால் எலும்பின் வெளிப்பரப்பு திரையில் பளிச்சென்ற வெள்ளைக் கோடாகத் தெரிகிறது, அதற்குப் பின்னால் கறுப்பு நிழல். கோடு அறுந்தோ, படி விழுந்தோ, ஒன்றன்மேல் ஒன்று ஏறியோ இருந்தால் முறிவு. கோட்டுக்குப் பின்னால் எதுவும் தெரியாது என்பதே அதன் எல்லை.

ஆகவே கன்ன எலும்பின் வளைவு, கண்குழியின் கீழ்விளிம்பு, மூக்கெலும்பு, கீழ்த்தாடையின் வெளிப்பக்கம், தாடைக் கோணம் ஆகிய தோலுக்கு அருகிலுள்ள இடங்களில் அது நன்றாக உதவும். தாடையின் உட்பக்கம், பல்வேரும் முறிவும் சந்திக்கும் இடம், மூட்டுப் பைக்குள் உடைந்த மூட்டுத்தலை, விலகாத மயிரிழை விரிசல் ஆகியவற்றில் கைவிட்டுவிடும். தோலுக்கடியில் காற்று புகுந்து வீங்கியிருந்தாலும் படம் மங்கும்.

5. அல்ட்ராசவுண்டைக் கேட்கத் தகுந்தவர்கள்

கர்ப்பிணிகள், ஓரிடத்தில் அசையாமல் இருக்க மறுக்கும் சிறு குழந்தைகள், தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து நகர்த்த முடியாதவர்கள், சிடி வசதி உடனடியாகக் கிடைக்காத இடத்தில் இருப்பவர்கள். கன்ன எலும்பு வளைவு உள்ளே அமுங்கியிருந்து அதைத் தூக்கி நிறுத்தும்போது, சரியாக நின்றதா என்று அறுவை மேசையிலேயே பார்க்கவும் பயன்படுத்துகிறார்கள். இந்த வகையில் சேராத, சிடி உடனே எடுக்கக்கூடிய ஒருவருக்கு அல்ட்ராசவுண்டைத் தனியாகக் கேட்டு வாங்குவதில் பெரிய பயன் இல்லை என்பது என் கருத்து.

கர்ப்பிணிகளின் வீட்டாருக்கு இன்னும் ஒன்று. அல்ட்ராசவுண்ட் போதாது, சிடி வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் மறுக்காதீர்கள். தலை, கழுத்துப் பகுதி சிடியில் கதிர் நேராகக் கருப்பையில் படுவதில்லை. கருவுக்குச் சிதறிச் சேரும் அளவு ஏறத்தாழ 0.01 மில்லிகிரே (உடலில் சேரும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) அல்லது அதற்கும் குறைவு. கருவுக்குத் தீங்கு என்ற பேச்சே 50 மில்லிகிரேயை ஒட்டித்தான் எழுகிறது. கூடாது என்று அக்கம்பக்கத்தார் சொல்வதைக் கேட்டு முறிந்த தாடையோடு, சாப்பிட முடியாமல், சீழ் பிடிக்க விடுவதுதான் தாய்க்கும் பிள்ளைக்கும் உண்மையான ஆபத்து. கர்ப்பம் என்பதை மட்டும் எல்லா இடத்திலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

6. ஸ்கேன் மையத்துக்குப் போகும் முன்

மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு இல்லாமல் எந்த முறையான மையமும் எடுக்காது. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒவ்வோர் அல்ட்ராசவுண்ட் இயந்திரமும் அது இருக்கும் முகவரியில் பதிவாகியிருக்க வேண்டும். பல் மருத்துவரின் சிறிய கிளினிக்கில் இந்த இயந்திரத்தைப் பார்க்க முடியாததற்கு இது ஒரு முக்கியக் காரணம். ‘வீட்டுக்கே கொண்டுவந்து எடுக்கிறோம்’ என்று யாராவது சொன்னால் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

சீட்டில் ‘முகம் ஸ்கேன்’ என்று மட்டும் இருந்தால் போதாது. எந்தப் பக்கம், எந்தப் பகுதி, முறிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இரு பக்கமும் ஒப்பிட வேண்டும், இரு மூட்டுப் பகுதிகளையும் பார்க்க வேண்டும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். ஆதார் அட்டை, பழைய எக்ஸ்ரே, ஏ.ஆர். நகல், கர்ப்பிணியானால் தாய்சேய் நலப் பதிவேடு ஆகியவற்றைக் கொண்டுபோங்கள்.

முன்கூட்டியே தொலைபேசியில் இரண்டு கேள்விகள் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். மேலோட்டமான பகுதிகளைப் பார்க்கும் ‘லீனியர் புரோப்’ இருக்கிறதா? தாடைக்கு ஏறத்தாழ 7 முதல் 15 மெகாஹெர்ட்ஸ் வரையிலான நேர்முனைக் கருவி வேண்டும். வயிற்று ஸ்கேனுக்கான வளைந்த கருவியில் இவ்வளவு நுணுக்கம் வராது. அடுத்தது, முக எலும்பைப் பார்த்துப் பழகிய கதிரியக்க மருத்துவர் எந்த நேரத்தில் இருப்பார்? இந்தப் பரிசோதனையின் தரம் பார்ப்பவரின் கையில் பெரிதும் இருக்கிறது. வயிற்று ஸ்கேனை நாள் முழுதும் திறமையாகப் பார்ப்பவர்கூடத் தாடையைப் பார்த்தே இருக்கமாட்டார். இல்லை என்று பதில் வந்தால் வேறு மையம் தேடுங்கள்.

வெறும் வயிற்றோடு வரவும் தேவையில்லை, தண்ணீர் குடித்துச் சிறுநீரை அடக்கவும் தேவையில்லை. ஆனால் அன்றே அறுவைச் சிகிச்சை இருக்கலாம் என்றால் எதுவும் சாப்பிடக் கொடுக்காதீர்கள். அடர்ந்த தாடி இருந்தால், மருத்துவர் சம்மதத்தோடு மழித்துவிடுவது நல்லது. முடிக்குள் நிற்கும் காற்று ஒலி அலையைத் தடுக்கும்.

7. ஸ்கேன் அறையில்

ஜெல்லைத் தாராளமாக வைத்து, அழுத்தாமல் பார்க்க வேண்டும். வலித்தால் கையைத் தூக்கிச் சொல்லலாம் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். திறந்த காயம் இருந்தால் கருவிக்குத் தூய உறை போடச் சொல்லுங்கள், கேட்பதில் தவறே இல்லை. நல்ல மருத்துவர் எலும்பின் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் பார்ப்பார், பிறகு அடிபடாத பக்கத்தையும் பார்ப்பார். இந்த ஒப்பீடு வெறும் சடங்கு அல்ல. கீழ்த்தாடையின் முன்பக்கத்தில், கடைவாய்க்கு முந்தைய பற்களின் கீழே, நரம்பு வெளிவரும் ஒரு துளை எல்லோருக்கும் உண்டு. அது திரையில் கோடு அறுந்ததுபோலவே தெரியும். மறுபக்கத்திலும் அதே இடத்தில் அதே இடைவெளி இருந்தால் அது இயற்கை.

மூட்டைப் பார்க்கும்போது வாயை மெல்லத் திறந்து மூடச் சொல்வார்கள். எல்லாம் முடியக் கால் மணி முதல் அரை மணி நேரம்.

வெளியே வருவதற்குள் படங்களில் இடம், வலம் குறித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

8. ரிப்போர்ட் கைக்கு வந்தபின்

என் தங்கையின் ரிப்போர்ட்டில் இடப்பக்கத் தாடையில் கோடு அறுந்திருப்பது தெளிவாக எழுதப்பட்டிருந்தது, அது சரியாகவும் இருந்தது. வலப்பக்க மூட்டைப் பற்றி ‘தெரிந்த அளவில் முறிவு இல்லை’ என்றிருந்தது. ‘தெரிந்த அளவில்’ என்ற சொல்லைத்தான் அறுவைச் சிகிச்சை நிபுணர் பிடித்துக்கொண்டார். வாய் திறக்கும்போது தாடை வலப்பக்கம் இழுபடுகிறது, காதுக்கு முன்னால் வலிக்கிறது, ஆகவே சிடி வேண்டும் என்றார். வலப்பக்க மூட்டில் முறிவு அதில்தான் தெரிந்தது. அல்ட்ராசவுண்ட் எடுத்தது வீண் இல்லை. அன்றிரவே முறிவு உறுதியானதால் நோய்த்தொற்றுக்கு மருந்து தொடங்கினார்கள், அடுத்த முடிவுகளும் வேகமாக வந்தன. அதோடு நின்றிருந்தால்தான் வினையாகியிருக்கும்.

ரிப்போர்ட்டோடு நோயாளியையும் நேரில் மருத்துவரிடம் காட்டுங்கள். அலைபேசியில் படம் பிடித்து அனுப்பிப் பதில் வாங்கிக்கொண்டு முடித்துவிடாதீர்கள். கடியைப் பார்க்காமல் தாடைக்கு யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது. சிடி ஸ்கேன் எடுத்தால் பிலிம் மட்டும் போதாது, படங்கள் பதிந்த குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள். வேறு மருத்துவமனைக்கு மாறினால் அதைக் கணினியில் போட்டுத் திருப்பிப் பார்ப்பார்கள்.

9. செலவும் காப்பீடும்

தனியார் மையங்களில் ஓபிஜி சில நூறு ரூபாயில் முடியும். அல்ட்ராசவுண்ட் ஆயிரம் ரூபாயை ஒட்டி மேலே கீழே இருக்கும். முப்பரிமாணப் படத்தோடு முக சிடி என்றால் சில ஆயிரம். இடத்துக்கு இடம் மாறும், கேட்டுவிட்டுப் போங்கள். அரசு மருத்துவமனையில் சிடி கட்டணம் இதில் சிறு பங்குதான்.

சாலை விபத்தாக இருந்தால் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தைக் கேளுங்கள். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கியது. திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமில்லை. காப்பீட்டு அட்டை இல்லாதவருக்கும், வெளிமாநிலத்தவருக்கும் பொருந்தும். 48 மணி நேரம் ஓடிக்கொண்டிருக்கும், ஆகவே படம் எடுப்பதை நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

அதன்பின் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. அட்டை இல்லையென்றால் குடும்ப அட்டை, ஆதார், கிராம நிர்வாக அலுவலரிடம் பெற்ற வருமானச் சான்று ஆகியவற்றோடு மதுரை ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். வீட்டில் ஒருவர் நோயாளியோடு இருக்க, மற்றொருவர் அன்றே இந்த வேலையில் இறங்கிவிடுங்கள். மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன் அனுமதி வாங்கிய பிறகே அறுவைக்குத் தேதி குறிக்கச் சொல்லுங்கள். அனுமதிக்கு ரிப்போர்ட்டும் படமும் கேட்பார்கள், அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட் மட்டும் இருந்தால் பெரும்பாலும் ஓபிஜியோ சிடியோ சேர்த்துக் கேட்பார்கள்.

10. நாள் கணக்கு

பல் வரிசை வழியாகப் போகும் முறிவு வாய்க்குள் திறந்திருக்கும் புண்தான், மருந்து அன்றே தொடங்க வேண்டும். பெரியவர்களுக்கு முதல் வாரத்துக்குள் சரிசெய்வது நல்லது. இரண்டு, மூன்று வாரம் போய்விட்டால் கோணலாகவே கூடத் தொடங்கிவிடும், பிறகு உடைத்துத்தான் சேர்க்க வேண்டும். குழந்தைகளுக்கு இன்னும் வேகமாகக் கூடும், நாளைக் கடத்தவே கூடாது.

பற்களைக் கம்பியால் சேர்த்துக் கட்டினால் பொதுவாக 4 முதல் 6 வாரம் கஞ்சியும் கூழும் பாலும்தான். அந்த நாள்களில் கம்பி வெட்டும் சிறு குறடு ஒன்று நோயாளியின் கைக்கெட்டும் இடத்தில் எப்போதும் இருக்க வேண்டும். வாந்தி வந்தால் எந்தக் கம்பியை வெட்டுவது என்று வீட்டுக்கு அனுப்பும் முன் காட்டச் சொல்லுங்கள்.

11. காவல் நிலையம், இழப்பீடு

எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆவது பிரிவு எலும்போ பல்லோ முறிவதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. முதல் நாள் வீக்கத்தை மட்டும் பார்த்துச் சாதாரணக் காயம் என்று பதிவாகி, பின்னர் சிடியில் முறிவு தெரிவது உண்டு. அப்படியானால் கதிரியக்க ரிப்போர்ட்டின் நகலை விசாரணை அதிகாரியிடமும், காயச் சான்றிதழ் தரும் மருத்துவரிடமும் சேர்த்துவிடுங்கள். சான்றிதழில் முறிவு ஏறாவிட்டால் வழக்கும் இழப்பீடும் பலவீனமாகும்.

முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்குக் கட்டணமின்றித் தர வேண்டும். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2019-இல் திருத்தப்பட்ட சட்டம் சொல்கிறது. தாடை கூடி, தையல் பிரித்து, கம்பி எடுத்து முடிவதற்குள் அதில் பெரும்பகுதி கரைந்துவிடும். ஏ.ஆர். நகல், முதல் தகவல் அறிக்கை, காயச் சான்றிதழ், எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டுகள், டிஸ்சார்ஜ் சீட்டு, மருந்துக் கடை ரசீதுகள், முறிவைச் சேர்க்கத் தாடையில் உலோகத் தட்டுப் பொருத்தியிருந்தால் அதற்கான தனி ரசீது ஆகியவற்றைத் தேதிவாரியாக ஒரே கோப்பில் வையுங்கள். வெப்பத்தாளில் அச்சாகும் அல்ட்ராசவுண்ட் படம் சில மாதங்களில் வெளுத்துவிடும். வாங்கிய வாரத்திலேயே நகலெடுத்து அதையும் கோப்பில் சேருங்கள்.